நாலாவது பிக்கில் பார்க்லியா, கிப்ஸா?

எக்ஸ்டன், பென்சில்வேனியா
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்தபிறகுதான் எனக்கு நிம்மதி. ஜூனில் நீ போனில் பேசியபோது உன் குரலே சரியாக இல்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மா மார்ச்சில் கும்பகோணம் திரும்பிவிட்டார்கள். நித்யா அடுத்த வாரம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அவள் அறையைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஆபீஸில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு நடத்துகிற ஃபேன்டஸி லீக்கில் (நிஜ வீரர்களை ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுத்து, மேட்சில் அவர்கள் செய்வதற்குப் பாயின்ட் எண்ணுகிற போட்டி) உனக்கு நாலாவது பிக், அதாவது நாலாவதாக வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஜமார் சேஸும் பிஜான் ராபின்சனும் முதல் இரண்டில் போய்விடுவார்கள். மூன்றாவது ஆள் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுக்கப்போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் உன் முன்னால் இருப்பது ஈகிள்ஸ் டீமின் சேக்வான் பார்க்லியும் லயன்ஸ் டீமின் ஜமீர் கிப்ஸும். இருவரும் ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். "2,005 யார்டு ஓடியவனை விட்டுவிட்டு இன்னொருவனை எடுக்க மனசு வருமா?" என்று பார்க்லியை நினைத்துக் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. அதற்காகவே இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பார்க்லி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். ஜனவரி 19 அன்று ராம்ஸ் டீமுக்கு எதிரான பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்று) மேட்சுக்கு நித்யாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மைதானத்தில் யார்டு கோடுகளே தெரியவில்லை. நாலாவது குவார்ட்டரில் பந்தை வாங்கினார், முன்னால் நிற்கிறவர்களின் லைனுக்குள் ஒரு இடைவெளி திறந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் காலை ஊன்றவே தடுமாறிய தரையில் 78 யார்டு, பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி நேராக டச்டவுன். நித்யா என் கையைப் பிடித்திருந்த இடம் மறுநாளும் வலித்தது. அன்றைக்கு மட்டும் 205 யார்டு. என் ஆயுசில் நேரில் பார்த்த மிகச் சிறந்த ஓட்டம் அது.

ஆனால் பாலா, அந்த 205 யார்டுக்கு உன் லீக்கில் ஒரு பாயின்ட் கூடக் கிடையாது. பிளேஆஃப் ஃபேன்டஸி கணக்கில் வராது. நம் கண் பார்ப்பது ஒன்று, லீக் எண்ணுவது வேறு. பார்க்லி விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் நான் நினைத்ததைவிட அதிகம்.

உங்கள் லீக் விதியை எடுத்துக்கொள். 10 யார்டுக்கு ஒரு பாயின்ட், டச்டவுனுக்கு 6, பிடிக்கிற ஒவ்வொரு பாஸுக்கும் முழுசாக ஒரு பாயின்ட். 2018இல், ஜயன்ட்ஸில் முதல் வருஷம், பார்க்லி ஓடியது 1,307 யார்டு. 91 பாஸ் பிடித்து அதில் 721 யார்டு. மொத்தம் 15 டச்டவுன். 2024இல் ஈகிள்ஸில் ஓடியது 2,005. பிடித்தது 33 பாஸ், 278 யார்டு. டச்டவுன் அதே 15. கூட்டிப் பார். தவறவிட்ட பந்துகளுக்கான கழிவை விட்டுவிட்டால், 2018க்கு 383.8, 2024க்கு 351.3. ஊரே கொண்டாடிய வருஷத்தைவிட, 5 மேட்ச் மட்டும் ஜெயித்த ஒரு டீமில் ஆடிய முதல் வருஷத்தில் 32 பாயின்ட் அதிகம்! இந்த விடையை மூன்று தடவை சரிபார்த்தேன். பாஸுக்கு அரை பாயின்ட் தருகிற லீக் என்றால் இரண்டு வருஷமும் கிட்டத்தட்ட சமம், 338.3க்கு 334.8. பாஸுக்கு ஒன்றுமே தராத பழைய கணக்கில்தான் 2024 முந்துகிறது.

காரணம் யோசித்தால் புரியும். தோற்கிற டீம் பந்தை எறிந்துகொண்டே இருக்கும். தூரத்தில் ஆள் கிடைக்காதபோது, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்கிற ரன்னிங் பேக்குக்குச் சின்னதாக ஒரு பாஸ் கொடுப்பார். அப்படித்தான் அந்த 91 பாஸ் வந்தது. ஈகிள்ஸ் போன வருஷம் 17இல் 14 மேட்ச் ஜெயித்த டீம். முன்னிலையில் இருந்தால் நேரத்தைக் கரைக்க ஓட்டம்தான். போதாததற்கு ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு நெருக்கடி வந்தால் பக்கத்து ஆளுக்கு எறிவதைவிடத் தானே ஓடிவிடுவது சுபாவம். இந்த வருஷமும் இந்த இரண்டும் மாறப்போவதில்லை.

அப்புறம் அந்த ஒரு யார்டு விஷயம். போன சீசன் முழுக்க என்னை வதைத்தது இதுதான். பார்க்லி மூன்று பேரை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் விழுவார். ரீப்ளேயில் அவர் முட்டி தரையைத் தொடும் இடத்தைக் காட்டுவார்கள், கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு ஹர்ட்ஸ், பந்தைக் கொடுக்கிற சென்டருக்குப் பின்னால் குனிவார். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் முதுகில் கைகொடுத்து ஒரே தள்ளு. டச்டவுன், ஆறு பாயின்ட், ஹர்ட்ஸுக்கு. ஓட்டத்தில் அவர் போட்ட டச்டவுன் போன வருஷம் மட்டும் 14. ஊரில் எல்லோரும் எழுந்து நின்று கத்துவோம், நானும்தான். ஆனால் பார்க்லியை எடுத்தவனுக்கு அது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. டுஷ் புஷ் என்று சொல்கிற இந்தத் தள்ளலைத் தடைசெய்ய மே மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. 24 ஓட்டு வேண்டிய இடத்தில் 22தான் விழுந்தது. ஆக இந்த வருஷமும் உண்டு.

கோட்டருகே கிடைக்காததை அவர் எப்படி ஈடுகட்டினார் என்றால், நீண்ட ஓட்டங்களால். நவம்பரில் ராம்ஸுக்கு எதிராக 70 யார்டில் ஒன்று, 72 யார்டில் ஒன்று. அந்த இரண்டு ஓட்டத்துக்கு மட்டும் 26 பாயின்ட். வருஷம் முழுக்க அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது 345 தடவை, அதில் இரண்டு இது. பார்க்க எவ்வளவு ஆனந்தமாக இருந்தாலும், அடுத்த வருஷமும் இப்படி வரும் என்று எண்ணி வைக்க முடியாத பாயின்ட்கள் இவை. நாலு, ஐந்து என்று வருகிற தினக்கூலி மாதிரியான யார்டுகளையும் பாஸ்களையும்தான் நம்பிக் கணக்கில் வைக்கலாம்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. அம்மா இங்கே இருந்தபோது என்னோடு மேட்ச் பார்ப்பார்கள். விதி ஒன்றும் தெரியாது. "அந்தப் பிள்ளை மேல இத்தனை பேர் விழறாங்களே, அவனுக்கு வலிக்காதா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார்கள். நான் அவசரமாக ஏதோ சொல்லிவிடுவேன். இப்போது கணக்குப் போடும்போது அம்மாவின் கேள்விதான் முன்னால் நிற்கிறது. சீசனில் 345, பிளேஆஃபில் 91, ஆக 20 மேட்சில் 436 தடவை. அந்த 91க்கு உனக்குப் பாயின்ட் இல்லை, அவர் உடம்புக்கு அடி உண்டு. பிப்ரவரியில் 28 முடிந்தது.

இதுவரை ஒரே சீசனில் 2,000 யார்டு தாண்டியவர்கள் பார்க்லியோடு ஒன்பது பேர். முந்தைய எட்டுப் பேரும் அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். எரிக் டிக்கர்சன் 2,105இலிருந்து 1,234. டெரல் டேவிஸ் நாலே மேட்சில் முட்டி போய் உட்கார்ந்தார். ஏட்ரியன் பீட்டர்சன் 1,266. டெரிக் ஹென்றி எட்டு மேட்சில் 937 ஓடிவிட்டுக் கால் எலும்பு முறிந்தது. அதிகபட்சம் பாரி சாண்டர்ஸின் 1,491. எட்டுப் பேரில் ஒருவர்கூட 1,500ஐத் தொடவில்லை. எட்டுப் பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் உச்சத்துக்குப் போனபின் இறக்கம் இருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடுவதுதான் புத்தி.

இனி கிப்ஸ். இங்கே ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதே. போன வருஷப் பட்டியலில் ரன்னிங் பேக்குகளில் கிப்ஸ்தான் முதலிடம் என்று உன் ஆபீஸில் யாராவது காட்டுவார்கள். 1,412 யார்டு ஓட்டம், 52 பாஸில் 517 யார்டு, 20 டச்டவுன், மொத்தம் 364.9. நிஜம்தான். ஆனால் அதில் 46 பாயின்ட் 18வது வாரம் வைக்கிங்ஸுக்கு எதிராக நாலு டச்டவுன் போட்டபோது வந்தது. உங்கள் லீக் ஃபைனல் 17வது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. பார்க்லி அந்தக் கடைசி மேட்ச் ஆடவே இல்லை, டிக்கர்சனின் 2,105 யார்டு சாதனையை முந்த 101 யார்டு பாக்கி இருந்தும் டீம் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆக, உனக்கு வேண்டிய 17 வாரத்தில் பார்க்லி 351, கிப்ஸ் 319 பக்கம். போன வருஷத்துக்குப் பார்க்லிதான். அதே டீமின் இன்னொரு ரன்னிங் பேக் டேவிட் மான்ட்காமரி காயத்தில் உட்கார்ந்திருந்ததால் கிப்ஸுக்குக் கடைசி மூன்று வாரம் வேலை கூடியது என்பதையும் நினைவில் வை. அவர் திரும்பி வந்துவிட்டார், பங்கு பிரிப்பு உண்டு.

இத்தனையும் வைத்து இந்த வருஷத்துக்கு நான் போட்ட மதிப்பு: பார்க்லிக்கு 1,350 யார்டு ஓட்டம், 38 பாஸில் 300, 11 டச்டவுன். கூட்டினால் 269. கிப்ஸுக்கு 1,200 யார்டு, 50 பாஸில் 420, 14 டச்டவுன். 296. வாரத்துக்கு ஒன்றரைப் பாயின்டுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். சின்னதுதான், ஆனால் கிப்ஸுக்கு வயசு 23, போன வருஷம் ஓடியது 250 தடவைதான். உன் லீக்கில் பாஸுக்கு முழுப் பாயின்ட் என்பதால் கிப்ஸை எடு. எழுதும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் மனசாரச் சொல்கிறேன்.

2020 நினைவிருக்கிறதா? எங்கள் லீக்கில் இரண்டாவது பிக்கில் பார்க்லியை எடுத்துவிட்டு உனக்கு போன் பண்ணிக் குதித்தேன். இரண்டாவது வாரம் சிகாகோவில் அவருக்கு முட்டித் தசைநார் கிழிந்தது, சீசன் முடிந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை முதல் பிக்கான கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்லி தரையில் கிடந்ததைப் பார்த்தேன். என் டீம் ஞாபகமே வரவில்லை. இந்தப் பையன் திரும்ப ஓடுவானா என்றுதான் இருந்தது. நாலு வருஷம் கழித்து அதே முட்டியோடு அந்தப் பனியில் 78 யார்டு ஓடினார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடுகிறது.

ஒருவேளை உனக்கு முன்னால் இருப்பவர் கிப்ஸை எடுத்து ஜெஃபர்சனை விட்டுவிட்டால் போன் பண்ணு, பேசுவோம். பார்க்லியைத்தான் எடுப்பேன் என்று நீ முடிவு செய்தாலும் தப்பில்லை. அவருக்கு வழி திறந்துவிடுகிற லைனில் போன வருஷம் ஆடிய ஐந்து பேரில் நாலு பேர் அப்படியே இருக்கிறார்கள், மெக்காய் பெக்டன் மட்டும் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். அப்படி எடுத்தால் கடைசி ரவுண்டுகளில், பார்க்லிக்கு மாற்று ரன்னிங் பேக்கான வில் ஷிப்லியையும் சேர்த்து வைத்துக்கொள்.

செப்டம்பர் 4 வியாழக்கிழமை இங்கே முதல் மேட்ச், கௌபாய்ஸோடு. நித்யா ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் டிராஃப்ட் முடிந்ததும் யாரை எடுத்தாய் என்று அன்றைக்கே எழுது. அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், மாடிப்படி ஏறுவதில் அவசரம் வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
குமரேசன்