கூந்தன்குளம் செல்வோர் கவனத்துக்கு

ஐயா,

நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குச் செல்வோர் பலர் உச்சிவெயிலில் போய், "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, காலை 6 மணிக்கே கரையில் இருங்கள். சூரியன் முதுகுப்புறம் இருந்தால்தான் நிறம் தெரியும். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். குளிர்காலத்தில் வலசை வரும் வரித்தலை வாத்துகள் ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும்.

கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே கூடு கட்டும். மரத்தடியில் நின்று கைதட்டினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். காகம் முட்டையைக் குத்தும், குஞ்சு வெயிலில் வாடும். தீபாவளிக்கே வெடி போடாத ஊரில் ஹாரன் எதற்கு? தண்ணீர் வற்றிய ஆண்டில் போவது வீண், விசாரித்துவிட்டுக் கிளம்பலாம்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை