க்ளோத் லொரேனுக்கு, அவருடைய மையைப் பற்றி

க்ளோத் ஐயா அவர்களுக்கு,

இன்று நவம்பர் 23. ரோமில் நிலக்காட்சி ஓவியராக வாழ்ந்த நீங்கள் அங்கேயே கண்மூடியது 1682-ல் இதே நாளில். இறகைச் சீவி நுனியைப் பிளந்து பேனாவாக்குவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. உங்களுக்குப் பிறகு, அந்தப் பேனாவால் நீங்கள் வரைந்த கோடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன்.

இன்று அவை பழுப்பு. மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் பிசினும் சேர்த்த மை என்றால், தாளில் ஏறியதும் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகியிருக்கும். விறகுப் புகைக்கரியைக் காய்ச்சிய மை முதல் நாளிலிருந்தே பழுப்பு. வெறும் கண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே "என்ன இதமான பழுப்பு" என்று மயங்குகிறவர்களிடம் சொல்வேன்: க்ளோத் கண்டது இதைவிடக் கடுமையான கறுப்பாக இருந்திருக்கலாம். மாசிக்காய் மையில் அமிலமும் உண்டு. கோடு கனமாக விழுந்த இடத்தில் தாளை அரித்து விரிசல் விட வைக்கும்.

விடியுமுன் தொடங்கி இரவு வரை வயலில் படுத்துக் கிடந்து வானத்தின் சிவப்பைக் கற்றீர்கள் என்று உங்கள் நண்பர் ஸாண்ட்ரார்ட் எழுதிவைத்தார். அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை, ஏனெனில் அந்தக் கிடப்பு தாளிலேயே தெரிகிறது. பக்கத்து மரத்தில் பேனா அழுந்தி, இலைகள் கொக்கி கொக்கியாக விழுகின்றன. அதன்மேல் தூரிகையால் இரண்டு மூன்று பூச்சு வாஷ், அதாவது நீர் கலந்த மை. நடுவில் பாலமும் மாடுகளும் வர, கோடு மெலிகிறது. தூரத்து மலைக்குப் பேனாவே கிடையாது, நீர்த்த வாஷ் ஒரே பூச்சு. வானம் வெறும் தாள். கோடு காயுமுன் வாஷ் தொட்டால் மை கசியும். முதல் பூச்சு காயாமல் இரண்டாவது போட்டால் ஓரத்தில் கறை கட்டும். மூடிய வெளிச்சம் திரும்ப வராது. அதனால் உங்கள் படத்தில் நான் முதலில் தேடுவது, நீங்கள் தொடாமல் விட்ட இடங்களை.

நீலத் தாளில் கணக்கே வேறு. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட தொனியைத் தாளே கொடுத்துவிடும், வெளிச்சத்தை வெள்ளை தொட்டு எழுப்ப வேண்டும். ஓவியங்களைப் போலிகளிடமிருந்து காக்க நீங்கள் வரைந்துவைத்த பதிவுப் புத்தகத்தில் நான்கு வெள்ளைத் தாள், நான்கு நீலத் தாள் என்று மாறி மாறி வருவது எத்தனை அழகு! 1777-ல் செதுக்கோவியர் ரிச்சர்ட் எர்லம் அதை அச்சுக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் ஒரே பழுப்பு. விட்டுவைத்த ஒளியும் எழுப்பிய ஒளியும் ஒன்றாகிப்போயின. அந்த அச்சைப் பார்த்தே பலர் உங்களை அறிந்தார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

மன்னியுங்கள். 1957 முதல் அந்தப் புத்தகம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான அளவு வெளிச்சம்தான் அனுமதி, அதுவும் சில மாதங்கள், மற்றபடி இருட்டு. வெயிலுக்காக வயலில் கிடந்தவரை இப்படி அடைத்துவைப்பது கொடுமைதான். ஆனால் நீலச் சாயம் வெளிறிச் சாம்பலானால் உங்கள் வெள்ளைத் தீற்றல்கள் எதன்மேல் நிற்கும்? வெளிச்சத்தால் போன நிறத்தை யாராலும் மீட்க முடியாது, ஐயா.

உங்கள்மேல் கோபமும் உண்டு. நிலக்காட்சியை விற்கிறேன், உருவங்களைச் சும்மா தருகிறேன் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் வாழ்க்கையை எழுதிய பால்தினூச்சி குறித்திருக்கிறார். நீங்கள் வரைந்த, ரோமைச் சுற்றிய காம்பான்யா சமவெளி அன்று மலேரியா பூமி. மலையிலிருந்து மந்தையோடு இறங்கி வந்தவர்கள் கோடைக்கு முன் தப்பித்துத் திரும்பினார்கள். உங்கள் இடையனோ குழலூதிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறான். மாட்டின் முதுகுக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட அவனுக்கு இல்லை.

1663-ல் நோயில் விழுந்தபோது உயிலில் அந்தப் பதிவுப் புத்தகத்தை உங்கள் வீட்டில் வளர்ந்த ஆக்னேசேவுக்கு எழுதினீர்கள். அவள் உங்களுக்கு யார் என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். எல்லோரும் படிக்கும் கடிதம் இது, அதை நான் தொடவில்லை. தாள்களின் பின்புறம் வாங்கியவர்களின் பெயர்களைக் குறித்தீர்களே, பிரபுக்கள் பெயர்கூட விடாமல். அந்த இடையர்களில் ஒருவன் பெயரையாவது எழுதியிருக்கலாம்.