கவிஞர் கண்மூடிய ஊரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தினமும் போனில் பேசினாலும் சில விஷயங்கள் வாயில் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சிகாகோ வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்று வெளியே மைனஸ் 18 டிகிரி. மார்கழி வந்தாலே மஃப்ளர் சுற்றிக்கொண்டு வடபழனி கோயிலுக்குப் போகிற உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது, மூச்சுக்காற்றே மஃப்ளரில் பனியாக ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலை ஐந்தரை மணி இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் பழைய பாட்டு ஓட வேண்டும் எனக்கு.

நேற்று 'கண்ணே கலைமானே' ஓடியது. நம் ரெக்கார்டிங் சென்டரில் யார் லிஸ்ட் கொடுத்தாலும், கேசட் கடைசியில் நாலைந்து நிமிஷம் மிச்சம் இருந்தால் அந்தப் பாட்டைத்தான் போட்டுக் கொடுப்பீர்கள். போடும்போதெல்லாம் "கவிஞரோட கடைசிப் பாட்டும்மா" என்பீர்கள், கண்ணதாசன் சிகாகோவில் இறந்ததையும் சொல்வீர்கள். அப்போது எனக்கு சிகாகோ என்றால் விவேகானந்தர் பேசிய ஊர், பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு பெயர், அவ்வளவுதான். இப்போது அந்த ஊரிலேயே நின்றுகொண்டு கேட்கிறேன். 1981-ல் தமிழ் நிகழ்ச்சிக்காக வந்தவர் ஆஸ்பத்திரியில் படுத்து, அக்டோபர் 17 அன்று இங்கேயே போய்விட்டார். அடுத்த வருஷம் 'மூன்றாம் பிறை' வந்து, இளையராஜா இசையில் யேசுதாஸ் குரலில் ஊரே அந்தத் தாலாட்டைக் கேட்டபோது எழுதியவர் இல்லை. 'வீடு வரை உறவு' என்று எழுதியவருக்கு, கடைசியில் வீடு 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்திருக்கிறது. அக்டோபரில் இங்கே மரமெல்லாம் சிவந்து இலை கொட்டும் அப்பா. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சரி, இதுவரை சொல்லாத ஒன்று. நவம்பரில் எனக்குக் கடுமையான காய்ச்சல், இரண்டு வாரம் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா போன் செய்து, உன் இடம் அப்படியே இருக்கும், உடம்பு தேறி வா என்றார். போனை வைத்ததும் எனக்கு 'ஆயிரம் நிலவே வா' கதைதான் ஞாபகம் வந்தது. எஸ்.பி.பி. அப்போது இன்ஜினீயரிங் படிக்கிற பையன், 'அடிமைப் பெண்'ணுக்குப் பாட வாய்ப்பு வந்த நேரத்தில் டைபாய்டில் விழுந்துவிட்டார். எம்.ஜி.ஆர். நினைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வேறு பாடகரை வரவழைத்திருக்கலாம், ஆனால் அந்தப் பாட்டைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று பையன் நண்பர்களிடம் சொல்லியிருப்பான், இப்போது வேறு யாராவது பாடினால் குரல் பிடிக்காமல் தூக்கிவிட்டார்கள் என்றுதானே பேசுவார்கள் என்று யோசித்திருக்கிறார். 1969-ல் படம் வந்தது, அப்புறம் ஐம்பது வருஷம் அந்தக் குரல் நம்மோடு இருந்தது. சின்ன வயதில் இதை எம்.ஜி.ஆர். பெருமையாகத்தான் கேட்டேன். படுத்துக்கிடந்தபோது அந்தப் பையன் பக்கத்திலிருந்து கேட்டேன். நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது அப்பா.

என்னோடு வேலை செய்யும் மதுரைக்கார அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு பையன். இங்கேயே பிறந்தவன், தமிழ் புரியும், பேச்சு மட்டும் வராது. கரண்ட் போகும் ராத்திரிகளில் மொட்டை மாடியில் நீங்கள் சொல்வீர்களே, இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி'யின் முதல் ரெக்கார்டிங் ஆரம்பித்ததுமே கரண்ட் போய், எல்லாரும் அபசகுனம் என்று முகத்தைத் தொங்கப்போட்ட கதை, அதை அவனுக்குச் சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டான். அடுத்து 'சிங்காரவேலனே' பாட்டின் கதையைச் சொன்னேன், காருகுறிச்சியார் நாதஸ்வரமும் ஜானகி அம்மா குரலும் தனித்தனியாகப் பதிந்து ஒன்றாகச் சேர்த்தது என்று. அவன் நம்பவில்லை. நீங்கள் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்து, அடுத்த நிமிஷம் ஜானகி அம்மாவாகப் பாடிக் காட்டுவீர்கள், எனக்கு அது வரவில்லை.

அதனால் ஒரு உதவி. அந்தக் கதையை நீங்களே சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவசரம் வேண்டாம், முழுசாகச் சொல்லுங்கள். ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள், போன தடவை பாதி ஃபேன் சத்தம்தான் கேட்டது.

உங்கள் அன்பு மகள்,
மீனா