முக்கோண எஞ்சினை வாங்கும் முன்: கமக்காரர் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் மழை வந்து எல்லோரும் எழும்பி ஓடியதால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. ஜெர்மனியில் இருக்கும் நம்மூர்த் தம்பி அனுப்பிய, பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணம் சுற்றுகிற சின்ன ரோட்டரி எஞ்சினைக் காட்டி, மிளகாய்க்கும் கச்சானுக்கும் நீர் இறைக்க இதுபோலப் பத்து எடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். மூன்று கிழமையாக அது என் பட்டறையில்தான் கிடக்கிறது. கழற்றினேன், பூட்டினேன், ஓடவிட்டேன். எனக்கு நன்றாகவே பிடித்துவிட்டது. ஆனால் அமைப்பின் காசைப் போட்டு வாங்காதீர்கள்.

பிடித்த கதையை முதலில் சொல்கிறேன். நாம் பாவிக்கிற எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நிற்கும், கீழே வந்து நிற்கும். அந்த உதைப்பில்தான் நமது ஒற்றைச் சிலிண்டர் பம்ப் வரம்போரம் தானாக நகர்ந்து போகிறது. இதில் இடுப்பு ஒடுங்கிய முட்டை மாதிரி ஒரு கூடு, அதற்குள் பக்கம் புடைத்த ஒரு முக்கோணம், நடுவில் ஒரு தண்டு. ஓடுகிற முக்கிய பாகம் இந்த இரண்டும்தான். வால்வும் இல்லை, கேம் தண்டும் இல்லை. முக்கோணம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்றுப் போய்விடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நமது ஃபோர் ஸ்ட்ரோக் பம்பில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதனால் கைக்கு அடக்கமான சாமானில் இவ்வளவு வலு. ஓடும்போது பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைத்தேன், சிந்தவில்லை.

எடை குறைவும் அதிர்வு குறைவும் யாருக்கு உயிரோ, அவர்கள் இதை விடுவதில்லை. விளையாட்டு விமானத்துக்குச் சுமார் 5 சி.சி.யில்கூட இதைச் செய்தார்கள். ஹெர்மஸ் 450 என்ற ஆளில்லா விமானத்திலும் ரோட்டரிதான். (போர்க்காலத்தில் நாம் 'வண்டு' என்று சொன்ன ஆளில்லா வேவு விமானம் என்னவென்று வன்னியில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.)

சரி, சிக்கலுக்கு வருவோம். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு ஒடுங்கிய தகடு இருக்கிறது. பிஸ்டனுக்கு றிங் செய்கிற வேலையை இங்கே அதுதான் செய்ய வேண்டும். றிங் வட்டமாக இருந்து சுவரோடு அணைந்து நிற்கும். இந்தத் தகடோ கூட்டின் சுவரில் ஒரு கோடளவுதான் தொடுகிறது, அதுவும் சுற்றும்போது சாய்வு மாறிக்கொண்டே. மஸ்டா கம்பனிக்காரர் 1960களில் இதோடு பட்ட பாடு பெரிய கதை. தகடு அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறியதை 'பேயின் நகக்கீறல்' என்றே அவர்கள் அழைத்தார்கள். அதைத் தீர்த்துத்தான் 1967இல் கொஸ்மோ காரை விற்றார்கள். அதே வருடம் ஜெர்மனியில் என்.எஸ்.யூ. ஆர்.ஓ. 80 காரை இறக்கியது. அதில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பனி களைத்துப்போனது.

அவை காருக்குரிய எஞ்சின்கள். சின்ன எஞ்சினில் இது இன்னும் மோசம். இரணைமடுக் கதவில் விரல் கனத்துக்கு நீர் கசிந்தால் குளம் குறையாது. அதே கசிவு வீட்டுத் தொட்டியில் இருந்தால் விடியுமுன் தொட்டி காலி. எஞ்சினைச் சிறிதாக்கலாம், தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நீக்கலை அந்த அளவுக்குச் சிறிதாக்க முடியாது. அமெரிக்காவில் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் நாணயம் அளவு ரோட்டரி செய்ய முயன்றபோதும் இந்தக் கசிவோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

பெற்றோல் செலவு வேறு. எரியும் இடம் நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சூடு சுவருக்குப் போகிறது, மூலையில் உள்ளது எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. தகடு தேயாமலிருக்க ஒயிலையும் சேர்த்து எரிக்க வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

மண்ணெண்ணெயில் ஓடாதா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். ஓடவைக்கலாம். ஆளில்லா விமானங்களுக்காகச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் போர் நாளில், பெற்றோல் வராத தடைக்காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அதற்குத் துணையாக நின்றது எது? உடைந்தால் வேறொன்றில் கழற்றிப் போட றிங் இருந்தது, சிலிண்டரைக் கடைந்து தர லேத்காரர் இருந்தார். அந்த முட்டைக் கூட்டை யார் கடைவது? வட்டத்தைத்தான் நம் லேத் கடையும். கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் சுடும், மறுபக்கம் குளிரும். நாட்பட்டால் அது கோணும். கோணினால் தூக்கி எறிய வேண்டியதுதான். தகடு ஒன்று தேய்ந்து போகத்தின் நடுவில் பம்ப் நின்றால் கிளிநொச்சியிலும் கிடைக்காது, வவுனியாவிலும் கிடைக்காது. ஜெர்மனித் தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மிளகாய் காத்திருக்குமா?

என் யோசனை: அந்தக் காசுக்கு எல்லாக் கடையிலும் சாமான் கிடைக்கிற இரண்டு அங்குல ஃபோர் ஸ்ட்ரோக் பம்ப் எடுங்கள். எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்று பழுதானால் அதைக் கழற்றி மற்றதை ஓட்டலாம்.

தம்பியின் மனம் நோக வேண்டாம். வந்த எஞ்சினை நானே வைத்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் பக்கமூடி கழற்றிக் கொண்டுவருகிறேன்; உள்ளே முக்கோணம் சுற்றுவதைக் கையால் திருப்பிப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். பிறகு பூட்டி ஓட்டியும் காட்டுகிறேன். பெற்றோல் மட்டும் அமைப்பின் கணக்கில்.

இப்படிக்கு,
பரந்தன் சந்திப் பக்கம் எஞ்சின் பழுது பார்ப்பவன்