வாளுக்குப் பாலிஷ் வேண்டாம், பாப்பா

பினாங்கு

அன்பு மகளுக்கு,

வாள் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று நீ எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, 'கறுத்துப்போய்க் கிடக்கிறது அப்பா, டொராண்டோவில் யாரிடமாவது கொடுத்துப் பாலிஷ் போடட்டுமா?' என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் பாப்பா.

பழங்காலச் சீன மன்னன் கௌஜியனின் வாள் 2,400 ஆண்டுக்கு மேலாகியும் மின்னுகிறதே என்கிறாய். அது வெண்கலம். 1965இல் சீனாவின் ஹூபெய் மாநிலத்துக் கல்லறையில் கிடைத்தபோது, மர உறைக்குள் இறுக்கமாக அடைபட்டிருந்தது. நம்முடையது சீனாவின் சிங் அரச வம்சக் காலத்து எஃகு. நடுவில் கடினமான எஃகு, இரண்டு பக்கமும் மிருதுவான இரும்பு, மூன்றையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. இந்த மூன்றடுக்கு முறையைச் சன்மெய் என்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி, வெட்டுவாய் ஓரமாக அலை அலையாக ஒரு கோடு தெரியும். அந்தக் கொல்லனின் கைவேலை அதுதான். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் அது போய்விடும். நான் முதலில் வாங்கிய ஜியானை, அதுதான் அந்த இருபக்கக் கூர் நேர்வாள், உப்புத்தாள் போட்டு ஒரே நாளில் வெள்ளையாக்கினேன். இன்றும் அதை உறையிலிருந்து உருவ எனக்கு மனம் வருவதில்லை.

கறுப்பாகப் படிந்திருப்பது ஒன்றும் செய்யாது, விட்டுவிடு. விரலில் ஒட்டும் செந்துரு மட்டும்தான் தின்னும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். வெறும் கையால் அலகைத் தொடாதே, வியர்வை உப்பு ஒரே வாரத்தில் விரல் ரேகையைத் துருவாக வரைந்துவிடும். அப்புறம், அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோல் பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் பித்தளைக் காப்பைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதே. புளிப்பு இடுக்கில் இறங்கி உள்ளே இருக்கும் எஃகை அரிக்கும். பிடியையும் கழற்றாதே, பிடிக்குள் ஓடும் அலகின் தண்டு நுனியை அடித்து மடக்கியிருக்கிறார்கள்.

இங்கே இத்தனை வருடம் நான் ஈரத்தோடு சண்டை போட்டேன். உனக்கு நேர்மாறு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் காற்று வறண்டு, மர உறை சுருங்கும், வெடிக்கும், மேலே ஒட்டிய திருக்கைத் தோலும் பெயரும். ஹீட்டர் பக்கம் வைக்காதே. வாள் உறையில் சிக்கினால் பலமாக இழுக்காதே.

உறையின் வாயருகே மயிரிழை விரிசல் ஒன்று முன்பே உண்டு. இந்த வாரம் அதைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. பயணத்தில் நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா