கசிவுநீர்க் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி என்பது குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழை வலுத்தால் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் நாளிதழில் வந்துவிடுகின்றன. அணையின் உடல் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் ஊறி வெளிவரும் கசிவுநீரின் கணக்கு மட்டும் கண்ணில் படுவதில்லை. முல்லைப் பெரியாறு என்றால் அதையும் லிட்டர் கணக்கில் விவாதிக்கிறோம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை மட்டும் இளசா என்ன?

கசியாத அணை கிடையாது. அதற்காகப் பதற வேண்டியதில்லை. அதே நீர்மட்டத்தில் முன்பைவிடக் கூடுதலாகக் கசிகிறதா, தெளிந்து வந்த நீர் கலங்கி வருகிறதா என்பதே கேள்வி. மண் அணையில் கலங்கல் தெரிந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவின் டீட்டன் மண் அணை 1976-இல் இத்தகைய உள்ளரிப்பால்தான் உடைந்தது. கல் அணையில் கசிவு திடீரெனக் குறைந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. வடிகால் துளைகள் அடைபட்டு, அடியில் நீரழுத்தம் ஏறியிருக்கலாம்.

அளவீட்டுக் கருவிகளை 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமே வலியுறுத்துகிறது. அளந்த கசிவை, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்திலாவது நீர்வளத்துறை வாரந்தோறும் வெளியிட வேண்டும்.

– ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
திருவட்டாறு.