கத்திரி வெயிலில் பர்ப்பி

ஐயா,

காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க, வேலூர் இளைஞர்கள் பர்ப்பி (குந்தி, கையூன்றிக் கால்களைப் பின்னே நீட்டி, எழுந்து குதிப்பது), ஸ்குவாட் (குந்தி எழுவது), கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) கலந்த தீவிரப் பயிற்சியை நாடுகிறார்கள். மூச்சுத்திறனும் தசைகளின் தாங்குதிறனும் கூடும்தான். ஆனால் ஓட்டப் பயிற்சிக்கு அது மாற்று அல்ல. இந்தத் தீவிரப் பயிற்சி வாரம் 2 நாள், நடுவே 48 மணி நேர இடைவெளி. 10 நிமிட வார்ம்-அப், பிறகு 15 நிமிடம் போதும். களைப்பில் முழங்கால் உள்ளே சாய்ந்தால், முதுகு வளைந்தால் தூக்கும் எடையைக் குறைக்க வேண்டும். முதல் வாரமே நூற்றுக்கணக்கில் பர்ப்பி, ஸ்குவாட் எடுத்தால் தசை சிதைந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகலாம். சிறுநீரகத்துக்கே ஆபத்து, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மே மாதம் மாலை 4 மணிக்குத் தகரக் கூரையின்கீழ் வகுப்பு எடுக்கும் ஜிம்காரர்கள், அதைக் காலை 6 மணிக்கு மாற்றட்டும்.

– உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள், காட்பாடி